அடிவரிசை

தஞ்சாவூரின் கலைகள் எவை என்று யாரைக் கேட்டாலும் ஒரு பட்டியல் தயாராக இருக்கும். வீணை, தலையாட்டி பொம்மை, பொன்தாளும் கண்ணாடிக் கற்களும் பதித்த ஓவியம், கலைத்தட்டு, பரதத்துக்கு இன்றைய கச்சேரி வடிவம் தந்த பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நால்வர், பிறகு சங்கீதம். காவிரிக்கரையின் குரு சீடர் கதை என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது மோகமுள்ளின் ரங்கண்ணாவும் பாபுவும்தான். அந்த உறவில் தம்புரா உண்டு, கண்ணீர் உண்டு, வியர்வை குறைவு. இந்தப் பட்டியலில் கம்பு இல்லை. (கம்பு என்றதும் தானியத்தை நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: எங்கள் வண்டல் மண்ணில் அதற்கும் இடமில்லை.)

ஆகவே நாற்பத்து நான்காவது வயதில் சிலம்பம் கற்கத் தொடங்கியிருக்கிறேன் என்று கல்லூரியின் ஆசிரியர் அறையில் சொன்னபோது எழுந்த சிரிப்பு இயல்பானதே. "மறுபடியும் ரிக்‌ஷாக்காரன் பார்த்துவிட்டீர்களா?" என்றார் பொருளாதாரத் துறை நண்பர். 1971இல் வந்த அந்தப் படத்தில் ரிக்‌ஷாவை ஓட்டியபடியே எம்.ஜி.ஆர். கம்பு வீசும் சண்டையை எங்கள் தலைமுறை மறப்பதற்கில்லை. அவர் சிறுவயதில் படித்தது கும்பகோணம் ஆனையடிப் பள்ளியில். அந்த வகையில் டெல்டாவுக்கும் கம்புக்கும் ஓர் உறவு பொதுநினைவில் எஞ்சியிருப்பது அவர் புண்ணியத்தால்தான். இன்னொரு நண்பர் முழங்காலைப் பற்றி எச்சரித்தார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது.

எங்கள் பூர்வீக ஊர் தஞ்சையிலிருந்து நீடாமங்கலம் போகும் வழியில், வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கிறது. தாத்தாவின் இரண்டு வேலி நிலம் பாகம் பிரிந்து பிரிந்து என் பங்குக்கு வந்த ஆறு மாவைக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். மாசியில் கணக்குப் பார்க்கப் போவது வழக்கம். சம்பா அறுவடை முடிந்து, அறுப்புக்கு முன்பே தெளித்த உளுந்து தாள்களுக்கு நடுவே பச்சை கட்டும் பருவம் அது. முன்பு இந்த நாட்களில் களத்துமேட்டில் கால் வைக்க இடமிருக்காது. கட்டடித்து, மாடுகட்டிப் போரடித்து, தூற்றி, அளந்து, கூலிநெல் வாங்கிக்கொண்டு போகும்வரை ஊரே அங்கிருக்கும். இப்போது அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்துக் கொட்டிவிடுகிறது. ஈரநெல்லைக் காயவைக்கும் சில நாட்கள் போக, களம் காலியாகவே கிடக்கிறது. அந்தக் காலி இடத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இருபது பிள்ளைகள் வரிசையாக நின்று காலடி வைத்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் பெண்பிள்ளைகள்.

சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் அறுபதைத் தாண்டியவர். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். தெற்குத் தெரு என்று ஊரில் நாசூக்காகச் சொல்லப்படும் தலித் குடியிருப்பைச் சேர்ந்தவர். எனக்கும் கற்றுத் தர முடியுமா என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் என் காலைப் பார்த்தார். "செருப்பக் கழட்டணும் சார்," என்றார். நுழைவுத் தேர்வு அவ்வளவுதான்.

முதல் இரண்டு மாதம் கம்பைத் தொடவிடவில்லை. வெறும் கால்தான். மண்ணில் குச்சியால் முக்கோணம் ஒன்று கீறி, அதன் முனைகளில் கால் மாற்றி வைத்து, உடலைத் திருப்பி, மறுபடி தொடங்கிய இடத்துக்கு வர வேண்டும். சொல்லும்போது எளிது. பத்து வயதுப் பிள்ளை அதைக் கண்ணால் பார்க்கும். உடனே கால் செய்துவிடும். எனக்கோ கண்ணுக்கும் காலுக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளன் உட்கார்ந்திருந்தான். பார்த்ததை அவன் முதலில் சொல்லாக்குவான்: "இடக்கால் முன்னே, வலக்கால் குறுக்கே, இடுப்பு அரைத்திருப்பம்." பிறகு அந்தச் சொல்லைக் காலுக்கு அனுப்புவான். அதற்குள் பிள்ளைகள் அடுத்த சுற்றில் இருப்பார்கள். இருபது ஆண்டுகளாகச் சொல்லை விற்றுப் பிழைத்தவனுக்கு அந்த மொழிபெயர்ப்பாளனை வேலையிலிருந்து நிறுத்துவது எளிதாக இல்லை. மாலை வகுப்பு முடிந்ததும் முழங்கால் தன் இருப்பை அறிவிக்கும். மறுநாள் காலை கல்லூரி மாடிப்படி அதை உறுதிப்படுத்தும்.

நான் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்துக்கொண்டேன். காலடிகளுக்குப் படம் போட்டு, அம்புக்குறியிட்டு, எண் கொடுத்து எழுதினேன். ஒருநாள் வாத்தியார் அதை வாங்கிப் புரட்டினார். பக்கங்களை மரியாதையோடுதான் திருப்பினார். "நல்லா வரைஞ்சிருக்கீங்க. இதப் பாத்தா உங்களுக்குத் தெரியும். காலுக்கு எழுத்து தெரியுமா சார்?" என்று திருப்பிக் கொடுத்தார். கேலி இல்லை, உண்மையான சந்தேகமாகவே கேட்டார்.

பிறகு எங்கள் பெரிய கோயிலின் கரணச் சிற்பங்களை எண்ணிக்கொண்டேன். விமானத்தின் மேல்தளத்து உட்சுற்றில் இராசராசன் காலத்துச் சிற்பிகள் 108 கரணங்களுக்கு இடம் ஒதுக்கி, 81ஐச் செதுக்கி, எஞ்சிய கற்களை வெறுமையாக விட்டுப் போயிருக்கிறார்கள். செதுக்கியவற்றிலும் கல் பிடித்துவைத்திருப்பது ஒரு கணத்தைத்தான். அந்தக் காலுக்கு முன்னால் எந்தக் கால் வந்தது, அடுத்து எது எழும் என்பதைக் கல்லால் சொல்ல முடியாது. அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஆள் போனால் நிலை மட்டும் எஞ்சும், நடை எஞ்சாது.

மூன்றாவது மாதம் ஒரு மாலையில், எந்த முயற்சியுமின்றி எனக்கு ஒன்று விளங்கியது. அதுவும் என் தொழில்வழியாகவே. வெண்பா கற்பிக்கும்போது மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்று தளையைச் சொல்லித்தருகிறோம். நின்ற சீர் எப்படி முடிகிறதோ அதைப் பொறுத்தே வரும் சீர் தொடங்க முடியும். காலடியும் அப்படியே. உடலின் எடை எந்தக் காலில் போய் முடிந்ததோ, அதற்கு மறுகால்தான் அடுத்ததைத் தொடங்க முடியும். முடிவில் எடை தவறான காலில் நின்றால் அடுத்த அடி பிறக்கவே பிறக்காது, ஆள் தட்டுவான். தளை தட்டுவதும் இதுதான். இதைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் வாத்தியாரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப பாட்டு எழுதுனவங்களும் காலடி தெரிஞ்சவங்கதான்," என்றார். யாப்பியல் பற்றிய கருத்தரங்குகளில் நான் கேட்ட பல கட்டுரைகளைவிட இந்த ஒரு வாக்கியம் செறிவானது.

அடி என்ற சொல்லே விசித்திரமானது. பாதமும் அடி, அது மண்ணில் பதிக்கும் சுவடும் அடி. பாட்டின் வரியும் அடி. மரத்தின் மூலமும் அடி. கம்புக்கு நுனி ஒருபுறம் என்றால் மறுபுறம் அடி. ஓங்கி விழுவதும் அடி. சிலம்பத்தில் அடிவரிசை என்று ஒரு பாடமே உண்டு. அங்கே அந்தச் சொல் வீச்சையும் காலையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறது. எங்கள் பக்கத்து வேளாண்மையில் குறுவைத் தாளை மடக்கி உழுது நடுவது தாளடி. அடியேன், அடியார், அடிமை என்று இன்னொரு கிளை போகிறது. டெல்டாவின் வரலாற்றை எழுத இந்த ஒரு வேர்ச்சொல் போதும் என்றுகூடச் சில நாட்களில் தோன்றியதுண்டு.

வைகாசியில் கம்பு கைக்கு வந்தது. பிரம்பு. தரையில் ஊன்றினால் நுனி என் புருவமட்டத்தில் நிற்கும்படி வெட்டப்பட்டது. எண்ணெய் பூசி, வெயில் நேரே படாமல் வைத்திருக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் என் தோள்மூட்டு, மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றின் தனித்தனி இருப்பை முதன்முறையாக அறிந்துகொண்டேன். சுழலும் கம்பு கணுக்காலில் தட்டும், காதோரத்தில் உரசும், ஒருமுறை மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போயிற்று. முதல் மாதம் முழுவதும் என்னை அடித்த ஒரே ஆள் நான்தான். பிறகு ஏதோ ஒருநாள், கம்பு கையை மறந்து தானாகச் சுழன்ற சில வினாடிகளில், காற்று கிழியும் ஓசை கேட்டது. சிலம்புதல் என்றால் ஒலித்தல். கலைக்குப் பெயர் அங்கிருந்து வந்தது என்று சொல்வார்கள். அகராதியில் பலமுறை கடந்துபோன சொல். அன்று காதோரம் கேட்டது.

இங்கே சற்று விலகி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிலம்பப் போட்டிகளின் பதாகைகளில் "ஐயாயிரம் ஆண்டுப் பழமை" என்ற தொடர் தவறாமல் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கடைவீதியில் யவனர்கள் சிலம்பக் கம்பு வாங்கிப் போனதாக ஒரு செய்தியும் மேடைக்கு மேடை சொல்லப்படுகிறது. ஊர்காண் காதையைப் பாடம் நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் கடைவீதியில் கவசம் உண்டு, யானைத் தோட்டி உண்டு, மணிகள், துணிகள், கூலங்கள் உண்டு. சிலம்பம் என்ற பெயரில் ஒரு சரக்கு இல்லை. காப்பியத்தின் சிலம்பு கண்ணகியின் காலில் கிடந்தது. அதைக் கம்பில் கட்ட வேண்டிய தேவை என்ன? சோழநாட்டு உடற்கலைக்குப் பழஞ்சான்று வேண்டுமென்றால் புறநானூற்றில் இருக்கிறது. போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருதி வீழ்த்தியதைச் சாத்தந்தையார் மூன்று பாடல்களில் (80, 81, 82) நேரில் பார்ப்பதுபோலச் சொல்கிறார். அது மற்போர்; கம்பு அல்ல.

கலையின் வயதை அதன் சொற்களிடம் கேட்பதே நேர்மை என்று நினைக்கிறேன். ஆட்டத்தைத் தொடங்கும் வணக்கத்துக்குப் பெயர் சலாம் வரிசை. சலாம் அரபுச் சொல். பழைய ஆசிரியர்களை வஸ்தாது என்பார்கள். உஸ்தாத் என்னும் பாரசீகச் சொல்லின் தமிழ் உடை. பயில்வானும் குஸ்தியும் அதே வழியில் வந்தவை. வாத்தியாரோ உபாத்தியாயரின் சிதைவு. நாயக்கர், மராத்தியர், நவாபு என்று பல படைகள் நடந்த வழியில் இந்தக் கலையும் நடந்திருக்கிறது. நடந்த ஊர்களின் மண் காலில் ஒட்டியிருக்கிறது. என் வாத்தியாருக்குக் கற்றுத்தந்தவர் கூத்தாநல்லூர்ப் பக்கத்து ராவுத்தர் ஒருவர். அவரைப் பற்றிச் சொல்லும்போது இன்றும் "எங்க வஸ்தாது" என்றுதான் சொல்வார். இந்தக் காலடி பிறகு நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் போயிற்று. மலேசியத் தமிழரிடையே சிலம்பம் இன்றும் உயிரோடிருப்பது தோட்டத்துக்குப் போனவர்கள் உடம்பில் கொண்டுபோனதால்தான். இத்தனை பேர் கைமாறி வந்த ஒன்றுக்கு அகத்தியரின் கையெழுத்தும் வேண்டுமா?

ராவுத்தர் ஏன் தெற்குத் தெருவுக்கு வந்து கற்பித்தார் என்று கேட்டபோது வாத்தியார் நேராகப் பதில் சொல்லவில்லை. "அவருக்குத் தெரு பேதம் கெடயாது. எங்களுக்குச் சொல்லிக்குடுக்க வேற ஆளும் கெடயாது," என்றார். கற்றது இரவில், வைக்கோல் போருக்கு மறைவில். மேலத்தெரு மாரியம்மன் திருவிழாவில் கம்பு சுற்றுகிறவர்கள் வேறு ஆட்கள். தெற்குத் தெருப் பையன்கள் தங்கள் காளியம்மனுக்கு முன்னால் மட்டும் ஆடலாம். அவருடைய அப்பா பக்கத்து ஊர்ப் பண்ணையில் பண்ணையாள். மகன் கம்பு பழகுவது தெரிந்து முதலில் நடுங்கிப்போனாராம். அந்த நடுக்கத்துக்குக் காரணம் இருந்தது.

கீழத்தஞ்சையில் அடி என்பதற்கு அந்தத் தலைமுறைக்குத் தெரிந்த பொருள் ஒன்றே. வேலைக்குப் பிந்தினால் சவுக்கடி. எதிர்த்துப் பேசினால் சாணிப்பால். 1943இல் தென்பரையில் விவசாயிகள் சங்கம் தொடங்கியபோது, கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பி. சீனிவாசராவ் அந்த மக்களிடம் சொன்னது, அடித்தால் திருப்பி அடி என்பது. இன்று அது ஒரு கோஷமாகச் சுவரில் இருக்கிறது. நிமிர்ந்து நிற்கவே பழக்கப்படாத ஓர் உடலிடம் அதைச் சொன்னபோது அதன் பொருள் என்னவாக இருந்திருக்கும் என்பதைக் கம்பு பிடித்த பிறகுதான் யோசித்தேன். திருப்பி அடிப்பதற்கு முதலில் கால் ஊன்ற வேண்டும். எதிரே நிற்பவன் கண்ணைப் பார்க்க வேண்டும். இரண்டும் பழகி வருபவை. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சவுக்கு மெல்ல மறைந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியாகக் கேட்டது கூடுதலாக அரைப்படி நெல். அன்று வந்தவர்களிடம் துப்பாக்கியும் நெருப்பும் இருந்தன. கம்பால் தடுக்கக்கூடிய காலம் அல்ல அது. வாத்தியார் அப்போது சிறு குழந்தை. ஆனால் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் இரவில் நாய் குரைத்தால் தெருவில் யாரும் தூங்கமாட்டார்கள் என்று அவருடைய அம்மா சொல்வாராம்.

இந்த வரலாறு எங்கள் ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் எப்படி வந்தது என்பதைச் சொல்லவே இவ்வளவும்.

வாத்தியார் பிள்ளைகளைத் திருத்துவது கம்பின் நுனியால். கால் பிசகினால் கணுக்காலில் ஒரு தட்டு. முழங்கால் மடங்கினால் பின்னால் ஒரு தட்டு. வலிக்காது, ஆனால் உடலுக்கு உடனே புரியும். சொல்லாகாமல், நேரே காலுக்குப் போகும் கடிதம் அது. எனக்கு மட்டும் அந்தக் கடிதம் வரவில்லை. எனக்கு வந்ததெல்லாம் வாய்வார்த்தை. "சார், அந்தக் கால கொஞ்சம் பாத்துக்குங்க." அதேபோல் சலாம் வரிசையின் முடிவில் மண்ணைத் தொட்டு வாத்தியாரை வணங்க வேண்டும். பிள்ளைகள் வணங்கும்போது நேராக நிற்பவர், என் முறை வரும்போது ஏதோ கம்பில் பிசிறு பார்ப்பவர்போலத் திரும்பிக்கொள்வார்.

வயதுக்குத் தரும் மரியாதை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கொள்முதல் நிலையத்துக் காவலாளி ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், சில நாட்கள் வந்து பழகினார். அவருக்குத் தட்டு விழுந்தது. அவர் தெற்குத் தெருவின் உறவுக்காரர்.

நேராகவே கேட்டேன். "வாத்தியார், பசங்களத் தட்டுற மாதிரி என்னையும் தட்டிச் சொல்லுங்க. அப்பதான் எனக்கு ஏறும்."

சிரித்தார். "பாத்துப்போம் சார்," என்றார். அடுத்த வாரமும் வாய்வார்த்தைதான். மறுபடி கேட்டேன். இந்த முறை பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் களத்தின் ஓரத்துப் பூவரசு நிழலில் உட்கார்ந்தார்.

"நீங்க வாத்தியார்னு கூப்புடுறீங்க, சந்தோசம். உங்க தாத்தாவ எனக்குத் தெரியும். கையில பிரம்பு இல்லாம வயலுக்கு வரமாட்டாரு. அவரு அடிச்சு நான் பாத்ததில்ல, பொய் சொல்லக் கூடாது. ஆனா பிரம்பு இருக்கும். இப்ப நான் உங்க கால்ல ஒண்ணு போட்டேன்னு வைங்க. நீங்க வண்டிய எடுத்துக்கிட்டு டவுனுக்குப் போயிடுவீங்க. மறுநாள் டீக்கடையில அது வேற கதையாயிருக்கும். அந்தக் கதைக்கு நான்தான பதில் சொல்லணும்?"

நான் கேட்டது என் கற்றலுக்கு வேண்டிய ஒரு வசதி. அதன் விலை அவருடைய கணக்கில் எழுதப்படும் என்பதை எவ்வளவு நிதானமாகச் சொல்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்லத் தக்கதாக எதுவும் இல்லை. சிறிது நேரம் கழித்து அவரே ஒரு வழி சொன்னார். மறுவாரம் தன் பேத்தியைக் கூப்பிட்டார். எட்டாம் வகுப்புப் படிப்பவள். மாவட்டப் போட்டியில் பதக்கம் வாங்கியவள். "பாப்பா, சார் காலப் பாத்துக்க."

அவள் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு இந்தத் தயக்கமெல்லாம் இல்லை. கணுக்காலில், பின்தொடையில், குதிகாலில் சராமாரியாகக் கடிதங்கள் வந்து சேர்ந்தன. "சார், எடது காலு தூங்குது!" என்று களம் முழுக்கக் கேட்கும்படிக் கூவுவாள். தாத்தாவின் கையில் வழக்காகக்கூடியது பேத்தியின் கையில் விளையாட்டு. மேலத்தெருப் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். அந்த இரண்டு மாதத்தில்தான் எனக்குள்ளிருந்த மொழிபெயர்ப்பாளன் வேலையை விட்டு ஓடினான்.

இந்தப் பெண்ணின் தலைமுறைக்குச் சிலம்பம் வேறொன்று. சீருடை, எடைப்பிரிவு, நடுவரின் விசில், சான்றிதழ். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. முதலமைச்சர் கோப்பையில் இருக்கிறது. அரசுப் பணிக்கான விளையாட்டு ஒதுக்கீட்டிலும் இருக்கிறது. மேலத்தெருப் பெற்றோர் தங்கள் பெண்களைத் தெற்குத் தெரு வாத்தியாரிடம் அனுப்புவதற்கு அந்தச் சான்றிதழே காரணம்; கலையின் மேன்மை பற்றிய என் போன்றோரின் கட்டுரைகள் அல்ல. போட்டிச் சிலம்பத்தில் பழைய பிரிவுகள் பல இல்லை, அலங்கார வீச்சுக்கே கைதட்டு என்று புலம்பும் மூத்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பெருமளவு உண்மை. ஆனாலும் வைக்கோல் போருக்குப் பின்னால் இரவில் மறைந்து கற்ற கலை, வெளிச்சத்தில் இரு தெருப் பிள்ளைகளும் பெண்களும் சேர்ந்து ஆடுவதாக மாறியதற்காக என்னால் வருந்த முடியவில்லை. வருத்தப்பட வேறொன்று இருக்கிறது. வாத்தியாரிடம் சான்றிதழ் இல்லை. பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துப் போகும்போது அவருடைய பழைய மாணவன் ஒருவன்தான் பயிற்சியாளர் என்று கையெழுத்திடுகிறான். வாத்தியார் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, தன் காலால் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்.

மழைக்காலத்தில் வகுப்பு நின்று, அறுவடைக்குப் பின் மறுபடி தொடங்கியது. இந்த மாசியில் எதிர்விளையாட்டுக்கு என்னை அனுமதித்தார். இரண்டு பேர் நேருக்கு நேர் நின்று ஆடுவது. கம்பு நுனியில் துணி சுற்றிச் சாம்பல் கரைசலில் தோய்த்துக்கொள்ள வேண்டும். எதிராளியின் உடலில் பொட்டு வைத்தால் ஒரு புள்ளி. எனக்கு இணை யார் என்று சுற்றிப் பார்த்தேன். வாத்தியார் தன் கம்பை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

சலாம் வரிசை எடுத்தோம். எதிர்விளையாட்டில் இருவரும் ஒருவரையொருவர் வணங்க வேண்டும் என்பது விதி. ஆகவே அவர் திரும்பிக்கொள்ள வழியில்லை. முதல் பொட்டு வலத் தோளில் விழுந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. இரண்டாவது விலாவில். நான் தடுத்தவை மூன்றோ நான்கோ. தொட்டது ஒன்றும் இல்லை. அறுபது வயது உடம்பு என் கண்முன்னே இருந்தது. அடுத்த கணம் பக்கவாட்டில் இருந்தது. மூட்டை தூக்கிய தோள்கள் அசையவே இல்லை. கால்கள் மட்டும் மண்ணில் எழுதிக்கொண்டிருந்தன. பேத்தி ஓரத்தில் நின்று எண்ணினாள். சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. பங்காளி முறையில் எனக்குச் சித்தப்பா ஆகவேண்டியவர். வண்டியை நிறுத்தாமல், ஒரு காலை ஊன்றிக்கொண்டு பார்த்தார். வாத்தியாரும் பார்த்திருப்பார், கண் என்னை விட்டு நகரவில்லை. "ஏழு," என்றாள் பெண். எட்டாவது முன்கையில் விழுந்தது. தட்டு அல்ல, அடி. கம்பு கையிலிருந்து தெறித்துப் போய் விழுந்தது.

மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போகும் ஓசை கேட்டது.

"வலிச்சுதா சார்?"

"வலிச்சுது வாத்தியார்."

"அந்த எட்டாவதுக்கு நீங்க இந்தக் கால எடுத்திருக்கணும்," என்று சொல்லி, கம்பு நுனியால் என் வலக்காலைத் தட்டினார்.